கற்களின் முனையில் பீட்சா

சோளகக் காற்றும் வெளிநாட்டு மருமக்களும் பருத்தித்துறைக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வந்து சேருவார்கள். காற்று மணலை அள்ளிக் கண்ணில் போடும். மருமக்கள் கேள்வியை அள்ளித் தலையில் போடுவார்கள். போன ஓகஸ்டில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மூத்த தங்கச்சியின் மகள், ரொறன்ரோ. இளைய தங்கச்சியின் மகன், இத்தாலியில் பலேர்மோ. முதல் இரண்டு நாளும் விளைமீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, ஒடியல் கூழ் என்று ஓகோவென்று போனது. மூன்றாம் நாள் மத்தியானம் பெடியன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இஞ்சை ஒறிஜினல் இத்தாலியன் பீட்சா எங்கை எடுக்கலாம்?"

"750 பஸ்ஸிலை ஏறினால் யாழ்ப்பாண டவுனிலை கடை இருக்கு, தம்பி."

"அது அமெரிக்கன் பீட்சா, மாமா. நான் கேக்கிறது ஒறிஜினல்."

"அன்னாசி போட்டிருந்தால் எனக்கு ஓகே" என்றாள் ரொறன்ரோ.

பலேர்மோ இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கினான். வல்லிபுரக் கோவில் தேர் முட்டியில் செருப்போடு ஏறியவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். பின்னேரம் வரை அவளோடு கதைக்கவில்லை.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். என் முன்னால் ஒறிஜினல் என்ற சொல்லைச் சொல்வது, பூனைக்கு முன்னால் கருவாட்டை ஆட்டுவது மாதிரி. பெடியன் கேட்டது ஒரு கடையின் விலாசம். நான் கொடுத்தது ஆயிரம் வருடக் கதை. அதைக் கேட்டு முடிக்க மூன்று வெறுந்தேத்தண்ணியும் ஒரு பைக்கற் வடையும் தேவைப்பட்டன.

முதலில் நாங்கள் குந்தியிருக்கிற இடத்தையே எடுத்துக்கொள்வோம். பருத்தித்துறை என்றால் பருத்தி ஏற்றிய துறை. அதில் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு பொயின்ற் பீட்றோ என்று பெயர். யார் இந்த பீட்றோ? பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது எழுந்து, அவர் போர்த்துக்கேயத் தளபதி என்றோ, ஒல்லாந்து மாலுமி என்றோ சொல்லும். ஒரு பிள்ளை அவருக்கு ஒரு கப்பலும் ஒரு மனைவியும்கூடக் கொடுத்தது. உண்மை என்னவென்றால் பீட்றோ என்று ஓர் ஆள் பிறக்கவே இல்லை. போர்த்துக்கேயர் கடலில் இருந்து பார்த்தார்கள். கரை முழுக்கக் கல்லாகக் கிடந்தது. 'பொந்தா தாஸ் பேத்ராஸ்', கற்களின் முனை என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் நாக்கு வசதிக்காகக் கல்லை மனிதனாக்கிவிட்டார்கள். ஊரின் பெயர்ப்பலகையிலேயே ஒறிஜினல் இல்லை. பெடியன் பீட்சாவில் தேடுகிறான்.

சரி, பீட்சாவுக்கு வருவோம். அந்தச் சொல் கைக்கு எட்டிய பழைய காகிதங்களில் ஒன்று, கி.பி. 997இல் இத்தாலியின் கயேத்தா நகரத்தில் எழுதப்பட்டது. சமையல் குறிப்பு என்று நினைக்க வேண்டாம், குத்தகை உறுதி. ஒரு மாவாலையைக் குத்தகைக்கு எடுத்தவர், நத்தாருக்குப் பன்னிரண்டு, உயிர்த்த ஞாயிறுக்குப் பன்னிரண்டு என்று ஆயருக்குப் பீட்சா கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. ஆக, பீட்சா உலகச் சரித்திரத்துக்குள் நுழைந்ததே பாதிரிமாருக்குக் கட்டும் வாடகையாகத்தான். இதைப் பெடியன் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் வேலைக்கு வரும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் என்ன நிலைமை? அதற்கு நாலு வருடத்துக்கு முன், 993இல், ராஜராஜ சோழனின் படை இலங்கையின் வடக்கில் இறங்கியிருந்தது. அனுராதபுரத்தில் இருந்த ஐந்தாம் மகிந்தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டு, படை குழம்பி, மனுசன் றுகுணைப் பக்கம் ஓடிப்போயிருந்த காலம். அரசனே சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நின்ற நாட்டில் யார் யாருக்குப் பன்னிரண்டு பீட்சா கொடுப்பது?

இனி இத்தாலியரின் வருகை. முதலில் வந்தவர் சாமானிய ஆள் இல்லை, மார்க்கோ போலோ. சீனாவில் குப்ளாய் கானிடம் இருந்துவிட்டு, 1290களில் ஊர் திரும்பும் வழியில் இந்தப் பக்கத்துக் கடலால் போனார். இலங்கையைப் பற்றி அவர் சொன்னது சின்ன அத்தியாயம். அரசனிடம் ஒரு சாண் நீளத்தில், ஆள் கைத்தடிப்பில் ஒரு மாணிக்கம் இருந்ததாம். குப்ளாய் கான் ஒரு நகரத்தையே விலையாகக் கொடுக்கிறேன் என்றும் அரசன் விற்கவில்லையாம். அரைக்குக் கீழே ஒரு துண்டு தவிர ஒருவருக்கும் உடுப்பு இல்லையாம். எங்கள் வெயிலுக்கு அதுவே அதிகம் என்பது வெனிசில் இருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? பிறகு சாப்பாட்டுக்கு வருகிறார். சோறு உண்டு, எள்ளெண்ணெய் உண்டு, இறைச்சியும் பாலும் உண்டு, மரத்தில் இருந்து இறக்கும் கள்ளும் உண்டு. கோதுமை இல்லை.

பெடியனுக்கு இந்த இடத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இலங்கையைப் பற்றி ஓர் இத்தாலியர் எழுதுவித்த முதல் சாப்பாட்டு விமர்சனத்தின் சாரமே அதுதான்: உங்கை மா இல்லை. எழுநூறு வருடம் கழித்து நீ வந்து அதே முறைப்பாட்டைச் செய்கிறாய்.

"அப்ப அவர் பீட்சா தேடினவரோ?" என்றாள் ரொறன்ரோ.

தேடியிருக்க வழியில்லை. அவர் வெனிஸ்காரர். இன்று உலகம் பீட்சா என்று சொல்லும் சாமான் தெற்கே நேப்பிள்சின் ஏழைச் சந்துகளில் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்கூட, ரோமாபுரிக்குப் போய்ப் பீட்சாக் கடை போட்ட நேப்பிள்ஸ்காரர் ஒருவர் நொடித்துப்போன கதையை மத்தில்தே செராவோ என்ற எழுத்தாளர் 1884இல் பதிந்து வைத்திருக்கிறார். ரோமாபுரியிலேயே விலைப்படாத சாமானை வெனிஸ்காரர் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார். அது போக, போலோ இந்தப் புதினம் எல்லாம் சொன்னது 1298இல், ஜெனோவாச் சிறையில் இருந்துகொண்டு. எழுதியது கூட இருந்த ஒரு கதாசிரியர். மறியலில் சொன்ன கதையை நாவல்காரன் எழுதினால் மாணிக்கம் ஒரு சாணோடு நின்றதே பெரிய புண்ணியம். அவர்தான் சீனாவில் இருந்து நூடில்ஸைக் கொண்டுபோய் இத்தாலிக்குக் கொடுத்தவர் என்று ஒரு கதை உலவுகிறதே, அதைப் பரப்பியது அமெரிக்க மக்ரோனி வியாபாரிகளின் சஞ்சிகை, 1929இல். அந்தக் கதையில் வரும் மாலுமிக்குப் பெயர் ஸ்பகெற்றி. பீட்றோவின் சொந்தக்காரனாக இருக்க வேண்டும்.

அடுத்தவர் ரொபேர்ட் டி நொபிலி. ரோமாபுரிப் பிரபு குடும்பம். 1606இல் மதுரைக்கு வந்தார். வந்ததும் சப்பாத்தைக் கழற்றினார், காவி உடுத்தார், பூணூல் போட்டார், சந்தனம் பூசினார், தன்னைத் தத்துவபோதகர் என்று அழைக்கச் சொன்னார். மச்சம் மாமிசத்தை விட்டார். நாளுக்கு ஒரு நேரம், சோறும் மரக்கறியும் பாலும். இதைப் பார்த்து மற்றப் பாதிரிமார் கொதித்துப்போய் ரோமாபுரி வரை முறைப்பாடு போட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிறகோரி, பூணூலும் சந்தனமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்ப்புக் கொடுத்தார். வெளிநாட்டுக்குப் போன பிள்ளை ஊர்ச் சாப்பாட்டை மறந்துவிட்டது என்று ஒரு குடும்பம் பாப்பரசர் வரைக்கும் போய் அழுதது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இவர் எங்கள் கதைக்குள் வருவது 1640களில். வயது போய், கண்பார்வை மங்கிய காலத்தில் மதுரையை விட்டு அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சில வருடம் இங்கே இருந்துவிட்டு மயிலாப்பூருக்குப் போய் 1656இல் கண்ணை மூடினார். யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாண மண்ணில் ஓர் அசல் இத்தாலியர், அதுவும் ரோமாபுரிக்காரர், வருடக்கணக்கில் குந்தியிருக்கிறார். அவர் கேட்பதோ மரக்கறிச் சோறு. எங்கள் ஆட்கள் குடுவைக்குள் நண்டும் கணவாயும் வைத்துக்கொண்டு நிற்க, வெள்ளைக்காரச் சாமி கத்தரிக்காய் கேட்கிறார். பீட்சா வருவதற்கு இருந்த ஒரே வழியும் ஒரு துறவியோடு அடைபட்டது.

இன்னொரு இத்தாலியத் துறவி, வீரமாமுனிவர், தமிழ்நாட்டோடு நின்றுவிட்டார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் காட்டி எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தவர். பிட்சாவா, பீட்சாவா, பீஸாவா என்ற வழக்கையும் அப்படியே முடித்துவைத்துவிட்டுப் போயிருக்கலாம். தன் நாட்டுச் சாமானுக்கு அந்த உபகாரத்தைச் செய்யத் தவறிவிட்டார்.

பெடியன் இந்த இடத்தில் கொஞ்சம் சூடாகிவிட்டான். "மாமா, டி நொபிலியிட்டை ஒரு தக்காளிப்பழமும் கொஞ்சம் சீஸும் இருந்திருந்தால்..." என்று தொடங்கினான். மடையா, தக்காளி எங்கே இருந்தது? அது தென்னமெரிக்கச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பலில் ஐரோப்பாவுக்கு வந்தது. இத்தாலியர் அதை அழகுக்கு வளர்த்துக்கொண்டு, தின்றால் என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து பார்த்தார்கள். நேப்பிள்சில் அந்தோனியோ லத்தீனி என்ற பிரபு வீட்டு அடுக்களை அதிகாரி தக்காளிச் சோஸ் செய்யும் விதத்தை முதலில் அச்சில் போட்டது 1690களில். அதற்கும் அவர் வைத்த பெயர் 'ஸ்பானிய முறை'. டி நொபிலி மயிலாப்பூரில் அடங்கி நாற்பது வருடம் ஆகப்போகிறது. இத்தாலியர் தக்காளியை இன்னும் அயலான் சாமான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் தக்காளிப் பீட்சாவின் வயதைப் பார்த்தால் எங்கள் ஒடியல் கூழ் அதற்குப் பூட்டனாக இருக்கலாம். பீட்சாவின் மதிப்போ, சொல்லி வேலையில்லை. தந்தியைக் கண்டுபிடித்த மோர்ஸ் 1830களில் நேப்பிள்சுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு, சாக்கடையில் இருந்து எடுத்த பாண் துண்டு மாதிரி இருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். கட், கடா, கட் என்று உலகத்துக்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்த மனுசனுக்கு நாக்கு வேலை செய்யவில்லை. பிறகு 1889இல் மார்கரித்தா அரசி நேப்பிள்சுக்கு வந்தபோது றஃபாயேலே எஸ்பொசித்தோ என்ற பீட்சாக்காரர் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று கொடி நிறத்தில் ஒன்று செய்து கொடுத்தார், அரசி மயங்கிவிட்டார், பெயர் வந்தது என்பார்கள். அதற்குச் சாட்சியாகக் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அரண்மனைக் கடிதத்தையே ஆய்வாளர்கள் இப்போது சந்தேகிக்கிறார்கள். மொசறெல்லாவும் துளசி வகை இலையும் போட்ட பீட்சா அதற்கு முந்தியே நேப்பிள்ஸ் தெருவில் விற்றதாகவும் பதிவு இருக்கிறது. ராசா வந்து தேத்தண்ணி குடித்த கடை என்று எங்கள் ஊரிலும் இரண்டு இருக்கிறது. எந்த ராசா என்று கேட்டால் முதலாளி கல்லாவைத் துடைக்கத் தொடங்குவார்.

மீண்டும் யாழ்ப்பாணம். கயேத்தா ஆயரை மறக்கவில்லைத்தானே? யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் முதல் இரண்டு ஆயர்களும் இத்தாலியர். முதலாமவர் ஒறாத்சியோ பெத்தாக்கினி. 1840களின் கடைசியில் பொறுப்பேற்று 1857இல் இறந்தார். அடுத்தவர் செமேரியா, சன் றேமோவுக்குப் பக்கத்து ஊர்க்காரர், 1868 வரை இருந்தார். பள்ளிக்கூடம் தந்தார்கள், கோவில் கட்டினார்கள், கொலராக் காலத்தில் ஓடித் திரிந்தார்கள். பீட்சா மட்டும் தரவில்லை. கயேத்தாவில் வருடம் இருபத்துநாலு பீட்சா வாங்கிய பரம்பரை, பெரிய கோவிலடியில் வந்து சோற்றுக்கும் சொதிக்கும் அடங்கிவிட்டது. அதிலும் செமேரியாவை எனக்கு மன்னிக்க ஏலாது. சன் றேமோவின் பெருமையே சர்தெனாரா என்ற பீட்சா வகை; மேலே நெத்தலி மாதிரிச் சின்ன மீனும் உள்ளியும் ஒலிவும் போட்டது. நெத்தலியும் சூடையும் கரையில் குவிந்து கிடக்கிற நாட்டுக்கு அந்த ஊர்க்காரர் வந்து இருபது வருடம் இருந்திருக்கிறார். ஒரு நாளாவது கை துறுதுறுக்கவில்லையா?

பெடியன் கணக்குப் பார்த்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இத்தாலி நாடே 1861இலைதானே வந்தது?" கெட்டிக்காரன். பெத்தாக்கினி கண்ணை மூடும்போது உலகத்தில் இத்தாலி என்றொரு நாடு இல்லை. ஆக அவரும் ஒறிஜினல் இத்தாலியர் இல்லை. தேடுகிற பீட்சாவும் அகப்படவில்லை, தருவார் என்று நினைத்த இத்தாலியரும் கழன்றுவிட்டார்.

இந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து என் அம்மா, அவர்களின் அம்மம்மா, சத்தம் போட்டா. "டேய், குசினிக்குள்ளை அலுமாரிக்கு மேலை வடை பைக்கற் இருக்கு, கதிரையிலை ஏறி எடு. சப்பாத்தோடை ஏறாதை!"

பலேர்மோ திகைத்து நின்றான். பிறகு சிரித்தான். குசினி, அவன் ஊரில் குச்சீனா. அலுமாரி, அர்மாதியோ. சப்பாத்தைக் கேட்டதும் அவனுக்கு நினைவில் வந்தது சியபாத்தா என்ற பாண். அந்தச் சொல்லுக்கே பழைய செருப்பு என்றுதான் பொருளாம். எண்பத்தாறு வயது அம்மம்மா நின்ற நிலையில் இத்தாலி பேசுகிறாவே என்று அவனுக்குப் புளகாங்கிதம். எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சாமான்கள். இரண்டு மொழிக்கும் தாய் லத்தீன் என்பதால் வந்த சொந்தம் என்று விளக்கினேன். பிறகு பெரிய வெடியைக் கொளுத்தினேன். பேக்கரியில் பாண் சுடும் அடுப்புக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் தெரியுமா? போறணை. போர்த்துக்கேயத்தில் ஃபோர்னோ. இத்தாலியில்?

"ஃபோர்னோ" என்றான், வாய் திறந்தபடியே.

சந்திப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். செங்கல் கூடாரம், உள்ளே விறகு, நெருப்பு, நீளப் பிடி வைத்த மரத்தட்டு. அதிகாலை பாண் போட்டு முடித்த சூடு பின்னேரமும் போகாமல் முகத்தில் அடித்தது. நேப்பிள்ஸ்காரர் விறகடுப்பு, விறகடுப்பு என்று உலகத்துக்குத் தம்பட்டம் அடிக்கிறார்களே, அந்தச் சாமானை நாங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறோம். புலிகள் இயக்கக் காலத்தில் இதற்கு வெதுப்பகம் என்று தூய தமிழ்ப் பலகை தொங்கியது. பாண் வெதுப்பி ஆனது. உள்ளே போறணை போறணையாகத்தான் இருந்தது. தட்டையாக, மொறுமொறுவென்று சுட்ட றோஸ் பாணைச் சுடச்சுட வாங்கி மாசிச் சம்பலோடு கொடுத்தேன். இரண்டு கடி கடித்துவிட்டு, "மேலை கொஞ்சம் சீஸ் இருந்தால்..." என்றான். திருந்தாத ஜென்மம்.

வீட்டுக்கு வந்து வடைப் பைக்கற்றை வெட்டினோம். பருத்தித்துறை வடை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாக்காரர் தின்னும் உழுந்து வடை போல உப்பி, நடுவில் ஓட்டையோடு, தொட்டால் எண்ணெய் கக்கும் சாமான் இது கிடையாது. தட்டையானது, வட்டமானது, பப்படத்தைவிடத் தடிப்பு. கடித்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். இடித்த செத்தல் மிளகாய் மேலெல்லாம் சிவப்புப் புள்ளியாக நிற்கும். தட்டை வடை என்றும் சொல்வார்கள். கிழமைக்கணக்கில் கெடாது. அதனால்தான் ஹீத்ரோவிலும் ரொறன்ரோவிலும் இறங்குகிற ஒவ்வொரு சூட்கேசின் மூலையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். லண்டன் கடைகளில் பெயர் போட்டே விற்கிறார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், "இது ஊரிலை மாதிரி இல்லை" என்று சொல்லிக்கொண்டே பைக்கற்றை முடிப்பார்கள்.

"இது ஒறிஜினல்" என்றாள் ரொறன்ரோ, வாய் நிறைய.

விடுவேனா? வடையைப் பிய்த்து மேசையில் பரப்பினேன். மிளகாய்: அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. சங்கிலி மன்னரின் பாட்டனார் கறியில் உறைப்பு வேண்டுமென்றால் மிளகைத்தான் இடித்திருக்க வேண்டும். மா: கோதுமை மா. மார்க்கோ போலோ இல்லை என்று சொன்ன அதே கோதுமை. அதற்கு எங்கள் கிழவிகள் வைத்த பெயர் அமெரிக்கன் மா. கப்பலில் அங்கே இருந்து வந்து கூப்பன் கடையில் கொடுத்த காலத்துப் பெயர். இன்றைக்கும் மாறவில்லை. பெருஞ்சீரகம்: அதன் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரம். பெடியன் மணந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பலேர்மோவில் அதன் காட்டுக் கீரையைச் சாளை மீனோடு போட்டுப் பஸ்தா செய்வார்களாம். மிச்சம் இருப்பது உழுந்தும் கறிவேப்பிலையும் உப்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நேப்பிள்ஸ் பீட்சாவும் பருத்தித்துறை வடையும் ஒரே கப்பலில் டிக்கெட் எடுத்தவை.

ஆனால் நேப்பிள்ஸ்காரர் விளைந்த ஆட்கள். 1984இல் உண்மைப் பீட்சாவைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். விட்டம் 35 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நடுவில் கால் சென்ரிமீற்றர் தடிப்பு. விளிம்பு ஒன்று தொடக்கம் இரண்டு சென்ரிமீற்றர். அடுப்புச் சூடு 480 பாகை அளவில், சுடும் நேரம் 60 தொடக்கம் 90 செக்கன். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டக் காப்பு வாங்கினார்கள். 2017இல் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். வடைக்கு அப்படிச் சங்கம் அமைக்க வேண்டும் என்று ரொறன்ரோ சொன்னாள். அமைக்கலாம். முதல் கூட்டத்திலேயே தும்பளைக்காரர் ஒரு பக்கம், புலோலிக்காரர் மறுபக்கம், அவித்த மாவா அவிக்காத மாவா என்ற பிரேரணையில் சங்கம் இரண்டாகும். இரண்டுக்கும் ரொறன்ரோவில் கிளை, கிளைகள் நாலாகும். அன்னாசிப் பீட்சா பிறந்ததே அந்த ஒன்ராறியோ மாகாணத்தில்தான். 1962இல், கிரேக்கத்தில் பிறந்த சாம் பனோபூலோஸ் என்பவர் கையால். அங்கே போனால் எதுவும் நடக்கும்.

அந்த 1984ஐ மட்டும் கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் இத்தாலிப் பக்கம் போனது புதினம் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, எங்கள் கடலோடிகள் அதைச் சுயஸ் வழியாக, மத்தியதரைக் கடலைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பீட்சா நாட்டுக்குப் பக்கத்தாலே போனவர்கள் அவர்கள். காற்று வளமாக இருந்திருக்கும், நிற்கவில்லை. ஆனால் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் நின்றார்கள். திரும்பி வர வீடு இல்லாமல் நின்றார்கள். நேப்பிள்சில் பெரிய மனிதர்கள் கூடி உண்மைப் பீட்சா யார் கையால் வர வேண்டும் என்று யாப்பு எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில், சூரிச்சிலும் பேர்னிலும் பாரிசிலும் வடமராட்சிப் பெடியங்கள் உணவகங்களின் பின்கதவால் உள்ளே போய்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். கோப்பையில் இருந்து மரக்கறி வெட்டு, மரக்கறியில் இருந்து மா குழை, மாவில் இருந்து அடுப்படி. சங்கத்துக்காரர் முன்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பலேர்மோவில் எங்கள் ஆட்கள் நல்ல தொகை. பெல்லக்ரீனோ மலையில் இருக்கும் சந்த றொசாலியா என்ற புனிதையிடம், கத்தோலிக்கர் சைவர் என்ற பேதமில்லாமல், வேண்டுதலோடு மலை ஏறுவார்கள். தங்கச்சி புருசன் அங்கே ஒரு பீட்சாக் கடையில் இருபத்தெட்டு வருடமாக மாத் தட்டுகிறார். மா தட்டும் கை எங்கே பழகியது என்று கேட்டால், அம்மாவுக்கு வடை தட்டிக் கொடுத்த கை என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சிசிலியக் கிழவி வந்து தின்றுவிட்டு, இப்படி மா பதமாக வர வேண்டுமென்றால் சிசிலியத் தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று கையைத் தட்டுவாவாம். இவர் குசினிக்குள் நின்று ஒன்றும் சொல்வதில்லை.

அன்றிரவு வீடியோவில் அவரைக் கூப்பிட்டோம். அங்கே பின்னேரம்; மேலெல்லாம் மாவோடு, கடைப் பின்வாசலில் நின்று சிகரெட் பற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இஞ்சை ஒறிஜினல் பீட்சா இல்லை" என்றான் மகன்.

"ஒறிஜினல் பீட்சாவோ? விசரா, நாளுக்கு நூற்றைம்பது போடுறன், அந்த மணம் கேட்டாலே தலை இடிக்குது. வீட்டை போய் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தின்னாட்டி எனக்கு நித்திரை வராது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மச்சான், வடை எடுத்து வைச்சிட்டியளோ? பத்துப் பைக்கற் சொன்னனான்."

பத்தும் எடுத்தாயிற்று என்றேன். பெடியன் ஒன்றைத் தூக்கிக் கமராவுக்குக் கிட்டக் காட்டினான். அவர் சிகரெட்டைப் போட்டு மிதித்தார். சேட்டுப் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிட்டக் கொண்டு வா. இன்னும் கிட்ட. திருப்பு." நெற்றி சுருங்கியது. "இது ஆற்றை வடை, மச்சான்? கடை வடையோ? விளிம்பைப் பாருங்கோ, தடிச்சுப் போய்க் கிடக்கு. மிளகாயும் காணாது. இது ஒறிஜினல் இல்லை."

ரொறன்ரோ ஒன்றும் சொல்லாமல் பைக்கற்றைத் தன் பக்கம் இழுத்து இன்னொன்றைக் கடித்தாள். அந்தச் சத்தம் பலேர்மோ வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.